பச்சைச் சட்டைக்காரர்கள்

பிரெஞ்சு தேசம் என்றதும் நம்மில் பலருக்குப் பாரிஸ் பட்டணந்தான் நினைவுக்கு வருகிறது. ஸீன் நதியும், ஐஃபல் கோபுரமும், வாசனைத் திரவியங்களும், நாகரிகச் சீமாட்டிகளும் கண்முன் வந்து நிற்பார்கள். ஆனால், பாரிஸ் சீமாட்டியின் தொப்பியில் கட்டியிருக்கும் பட்டு நாடா எந்த ஊரில் நெய்யப்பட்டது, அவள் வீட்டுக் கணப்பில் எரியும் கரி எந்த ஊர் மண்ணுக்கடியிலிருந்து வெட்டப்பட்டது என்று ஒருவரும் கேட்பதில்லை. உழைக்கிற ஊருக்கு உலகத்தில் எங்கேதான் பெயர் இருக்கிறது? இப்படிப் பெயரில்லாமல் கிடந்த ஓர் ஊர், கால்பந்தினால் பெயர் பெற்ற கதை இது. அந்தக் கதையின் நடுவிலே, தன் தேசம் அழைத்தபோது புகழையும் பணத்தையும் உதறி எறிந்துவிட்டுப் போன ஓர் இளைஞரின் கதையும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்த இளைஞருக்காகத்தான் இதை எழுதவே முற்பட்டேன்.

லியோன் நகரத்திலிருந்து தென்மேற்கே சுமார் 60 கிலோமீட்டர் சென்றால் ஸெந்தெத்தியேன் என்னும் ஊரை அடையலாம். நம் நாட்டுக் கத்தோலிக்கர்கள் முடியப்பர் என்று வணங்குகிறார்களே, அந்தப் புனித ஸ்தேவானின் பெயரைக் கொண்ட ஊர் இது. பெயர்தான் புனிதரின் பெயரே தவிர, ஊரின் பிரதான தொழில் துப்பாக்கி செய்வது! 1764-ஆம் வருஷத்தில் பிரெஞ்சு அரசர் இங்கே ஆயுதத் தொழிற்சாலை ஸ்தாபித்தார். அரசரை ஒழித்த புரட்சிக்காரர்களுக்கும் அதே துப்பாக்கிகள் தேவையாய் இருந்தன. புனிதர்களின் பெயர்களையெல்லாம் ஒழித்த அந்தப் புரட்சிக் காலத்தில் ஊரின் பெயரையும் மாற்றி, ‘ஆயுதபுரி’ என்று பொருள்படும்படி ஆர்மவீல் என்று சில காலம் வழங்கினார்கள். ஆளுகிறவர்கள் மாறினாலும் கொல்லன் உலை அணைவதில்லை அல்லவா?

துப்பாக்கியோடு பட்டு நாடாவும், பிறகு சைக்கிள்களும் இந்த ஊரில் உற்பத்தியாயின. பிரெஞ்சு தேசத்தின் முதல் ரயில் பாதை பாரிஸில் போடப்படவில்லை; 1827-ஆம் வருஷத்தில் ஸெந்தெத்தியேனிலிருந்து லுவார் நதிக்கரையிலுள்ள ஆந்திரேஸியூ என்னும் இடத்துக்குப் போடப்பட்டது. அதில் பிரயாணம் செய்தது மனிதர்கள் அல்ல, நிலக்கரி. இழுத்தது இயந்திரமும் அல்ல, குதிரைகள். நம் வீட்டுப் பெண்மணிகளுக்கு இந்த ஊரைப் பற்றி இன்னொரு செய்தியும் சுவாரஸ்யமாயிருக்கலாம். பார்த்தலேமி திமோனியே என்ற ஏழைத் தையற்காரர் இவ்வூரில் வசித்தபோதுதான் தையல் இயந்திரம் ஒன்றைச் செய்து 1830-ஆம் வருஷத்தில் அதற்குப் பிரெஞ்சு சர்க்காரின் உரிமைப் பத்திரமும் பெற்றார். தங்கள் பிழைப்பில் மண் விழுந்துவிடும் என்று அஞ்சிய பாரிஸ் தையற்காரர்கள் அவருடைய இயந்திரங்களை அடித்து நொறுக்கினார்கள். பாவம், அவர் கடைசிவரை ஏழையாகவே இருந்து 1857-ஆம் வருஷத்தில் காலமானார்.

ஆனால் ஊரின் உயிர் நிலக்கரிதான். தலைமுறை தலைமுறையாக ஆண்கள் விடியுமுன் பூமிக்குள்ளே இறங்கினார்கள். பொழுது சாய்ந்த பிறகு கரிபூசிய முகத்துடன் ஏறி வந்தார்கள். ஏறி வராதவர்களும் உண்டு. 1869-ஆம் வருஷம் ஜூன் மாதத்தில், அருகிலுள்ள ரிக்கமாரியில் வேலை நிறுத்தம் செய்திருந்த சுரங்கத் தொழிலாளரும் அவர்கள் குடும்பத்தினரும் கூடியிருந்த இடத்தில் சிப்பாய்கள் சுட்டார்கள்; பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். வெட்டியெடுத்த கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி உண்டான இரண்டு கறுப்புக் குன்றுகள் நகரத்துக்கு மேலே இன்றைக்கும் கூம்பு கூம்பாக நிற்கின்றன. எகிப்து தேசத்துப் பிரமிடுகள் அரசர்களின் சமாதி. இந்தப் பிரமிடுகள் யாருடைய ஞாபகச் சின்னம் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்ட ஊரில் கால்பந்தை வளர்த்தவர் யார் என்று நினைக்கிறீர்கள்? ஒரு மளிகைக் கடைக்காரர்! ஜெஃப்ருவா கிஷார் என்பது அவர் திருநாமம். முன்னொரு காலத்தில் ஆட்டபாட்டக் கூடமாக இருந்து, பின்னர் மளிகைக் கடையாக மாறியிருந்த ஒரு கட்டிடத்தை 1892-ஆம் வருஷத்தில் அவர் ஏற்று நடத்தத் தொடங்கினார். கூடத்தின் பழைய பெயரான ‘காஸினோ’ என்பது கடைக்கு ஒட்டிக்கொண்டது. 1898-ஆம் வருஷத்தில் கம்பெனி ஆயிற்று. கிளைகள் ஊர் ஊராகப் பரவின. சாமான்களைத் தம் கம்பெனியின் பெயரையே போட்டு விற்கும் வழக்கத்தையும் கிஷார் 1901-ஆம் வருஷத்திலேயே ஆரம்பித்துவிட்டார். கடைச் சிப்பந்திகளின் பொழுதுபோக்குக்காக 1919-ஆம் வருஷத்தில் ஒரு சங்கம் ஏற்பட்டது. அதன் கால்பந்துக் கோஷ்டி, கடையின் நிறமாகிய பச்சை நிறத்திலேயே சட்டை அணிந்துகொண்டது.

வியாபாரப் பெயரை விளையாட்டுச் சங்கத்துக்கு வைக்கக்கூடாது என்று பந்தாட்ட அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, கிஷார் கடையைச் சேர்ந்தவர்கள் சளைக்கவில்லை. முதலெழுத்துக்கள் மாறாதபடி வேறு பெயர் ஒன்றைக் கண்டுபிடித்துச் சூட்டிவிட்டார்கள். மளிகைக் கடையில் எடை போடுகிற கெட்டிக்காரத்தனம் இதற்குக்கூட உதவாவிட்டால் எப்படி? பிறகு சங்கம் ஊரின் பெயரையே ஏற்றது. 1933-ஆம் வருஷத்தில் சம்பளத்துக்கு ஆடும் ஆட்டக்காரர்களைக் கொண்ட சங்கமாயிற்று. ஆனால் மளிகைக் கடையின் பச்சை நிறம் மட்டும் போகவேயில்லை. தேசம் முழுவதும் இவர்களுக்கு ‘பச்சையர்கள்’ என்றே பெயர்.

மைதானமும் கிஷாரின் உபயந்தான். 1931-ஆம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் திறக்கப்பட்ட அந்த மைதானம் இன்றளவும் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது. மைதானத்துக்குக் கீழே பழைய சுரங்க வழிகள் ஓடுகின்றன. மேலே மகன் பந்து உதைக்கும் இடத்துக்கு அடியிலே தகப்பனாரோ, பாட்டனாரோ கரி வெட்டியிருக்கக்கூடும். பெரிய மைதானங்கள் பலவற்றில் ஜனங்களுக்கும் ஆட்டத்துக்கும் நடுவே ஓட்டப் பந்தயப் பாதை அகழிபோல் கிடக்கும். இங்கே அது கிடையாது. நான்கு பக்கமும் ஆசன வரிசைகள் புல்தரையை நெருக்கிக்கொண்டு நிற்கின்றன. பந்தை எறிய வரும் ஆட்டக்காரரின் மூச்சு முன் வரிசைக்குக் கேட்கும். முன் வரிசையின் வசவு ஆட்டக்காரருக்கும் கேட்கும். நாற்புறமும் எழும் கோஷம் நடுவிலே கொதிப்பதால் மைதானத்துக்கே ‘கொப்பரை’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். அந்தக் கொப்பரையில் வெந்துபோன எதிரிக் கோஷ்டிகளின் ஜாபிதா மிகவும் நீளமானது.

இனி, நான் சொல்ல வந்த இளைஞரின் விஷயத்துக்கு வருவோம்.

அவர் பெயர் ரஷீத் மெக்லூஃபி. 1936-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 12-ஆம் தேதி, அப்போது பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த அல்ஜீரியாவில், ஸெத்தீஃப் என்னும் ஊரில் பிறந்தார். அவருக்கு எட்டு வயது நிரம்பியிருந்தபோது அந்த ஊரில் நடந்ததைச் சிறிது விவரமாகவே சொல்ல வேண்டும். 1945-ஆம் வருஷம் மே மாதம் 8-ஆம் தேதி. ஹிட்லரின் ஜெர்மனி சரணடைந்த தினம். பிரெஞ்சு தேசமெங்கும் மணிகள் முழங்கின. சுதந்திரம் மீண்டது என்று ஜனங்கள் கட்டித் தழுவிக்கொண்டார்கள். பிரெஞ்சு சுதந்திரத்துக்காக ரத்தம் சிந்தியவர்களில் அல்ஜீரியச் சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஆகவே, ஸெத்தீஃப் ஜனங்களும் ஊர்வலம் புறப்பட்டு, தங்களுக்கும் சுதந்திரம் வேண்டுமென்று கேட்டுத் தங்கள் கொடியை உயர்த்தினார்கள். கொடி பிடித்திருந்த வாலிபன் சுடப்பட்டு விழுந்தான். கலகம் மூண்டது, சுமார் நூறு ஐரோப்பியர்கள் கொல்லப்பட்டனர். அதற்குப் பழி வாங்கப் பட்டாளமும் விமானங்களும் கிளம்பின. சுற்றுவட்டாரக் கிராமங்களில் மாண்ட அல்ஜீரியர்கள் பிரெஞ்சு சர்க்கார் கணக்கில் ஆயிரத்துச் சொச்சம். அல்ஜீரியர் கணக்கில் 45,000. சரித்திரக்காரர்கள் இரண்டுக்கும் நடுவே பல எண்களைச் சொல்கிறார்கள். ஒரே தினம் ஒரு தேசத்தாருக்கு வெற்றித் திருநாள். அவர்களிடம் அடிமைப்பட்ட தேசத்தாருக்குத் துக்க தினம். ஜாலியன்வாலா பாக்கை அறிந்த நமக்கு இதற்கு வியாக்கியானம் தேவையில்லை.

அந்த ஊர்ச் சிறுவன் வளர்ந்து, பந்தாட்டத்தில் சூரனாகி, 1954-ஆம் வருஷத்தில் ஸெந்தெத்தியேனுக்கு வந்து சேர்ந்தான். அப்போது வயது பதினெட்டுத்தான். பச்சையர்களின் ஆசிரியராயிருந்த ழான் ஸ்னெல்லா இந்தப் பையனிடம் இருப்பது எத்தகைய சரக்கு என்பதை உடனே கண்டுகொண்டார். மெக்லூஃபி ஆஜானுபாகு அல்ல. பந்தை அதட்டி விரட்டுகிறவரும் அல்ல. பந்து அவர் காலடியில் செல்லப் பிராணிபோல் வந்து படுத்துக்கொள்ளும். எதிரி நெருங்கும்போது, அது யாரிடம் போக வேண்டுமோ அவரிடம் போயிருக்கும். 1957-ஆம் வருஷத்தில் ஸெந்தெத்தியேன் முதன்முதலாகப் பிரெஞ்சு தேசத்துச் சாம்பியன் பட்டத்தைப் பெற்றது. அந்தப் பருவத்தில் மெக்லூஃபி அடித்த கோல்கள் 25. பிரெஞ்சு தேசியக் கோஷ்டியிலும் அவருக்கு இடம் கிடைத்தது. கட்டாய ராணுவ சேவையில் இருந்தபோது பிரெஞ்சு ராணுவக் கோஷ்டியில் ஆடி, உலக ராணுவச் சாம்பியன் பட்டத்திலும் பங்கு பெற்றார். 1958-ஆம் வருஷக் கோடையில் ஸ்வீடனில் உலகக் கோப்பைப் பந்தயங்கள் நடக்க இருந்தன. அதற்காகப் பரிசீலிக்கப்பட்ட ஆட்டக்காரர்களில் அவரும் ஒருவர். இருபத்தொரு வயதில் ஒரு வாலிபனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

ஆனால் அவர் ஸெந்தெத்தியேனுக்கு வந்த அதே வருஷம் நவம்பர் 1-ஆம் தேதி அல்ஜீரிய விடுதலைப் போர் தொடங்கிவிட்டது. கிராமங்கள் எரிந்தன. சிறைச்சாலைகள் நிரம்பின, சித்திரவதைச் செய்திகள் பாரிஸ் பத்திரிகைகளிலேயே வெளிவந்தன. ஞாயிற்றுக்கிழமைதோறும் மெக்லூஃபி கோல் போட்டபோது ஆரவாரித்தவர்களில் சிலருடைய பிள்ளைகள் அவருடைய தேசத்தில் துப்பாக்கியுடன் நின்றார்கள். அவர் ஊர்க்காரர்களான அல்ஜீரியக் கூலியாட்களோ இதே ஸெந்தெத்தியேன் சுரங்கங்களில் கரி வெட்டிக்கொண்டிருந்தார்கள். புகழ் என்பது ஒரு நல்ல போர்வை; ஆனால் எல்லாக் குளிரையும் அது தடுப்பதில்லை.

1958-ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், அல்ஜீரியாவின் தேசிய விடுதலை முன்னணி ஒரு விநோதமான படை திரட்டிற்று. பிரெஞ்சுச் சங்கங்களில் ஆடிக்கொண்டிருந்த அல்ஜீரியப் பந்தாட்டக்காரர்களுக்கு இரகசியமாக ஆள் அனுப்பி, ‘உங்கள் தேசத்தின் கோஷ்டியாக ஆட வாருங்கள்’ என்று அழைத்தது. தேசமே இன்னும் பிறக்கவில்லை, அதற்குள் அதன் பந்தாட்டக் கோஷ்டி பிறந்துவிட்டது! அந்த மாதம் 13-ஆம் தேதி ஞாயிறன்று மெக்லூஃபி ஸெந்தெத்தியேனுக்காக ஆடினார். ஆட்டத்தில் இன்னொருவருடன் மோதித் தலையில் அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தார். மறுநாள் காலையில் அரீபி, கெர்மாலி என்னும் இரண்டு அல்ஜீரிய ஆட்டக்காரர்கள் மோட்டாரில் வந்து அவரை அழைத்துக்கொண்டு ஸ்விட்ஜர்லாந்து எல்லையை நோக்கிப் பறந்தார்கள். எல்லையிலிருந்த காவலர் அவர்களை அடையாளம் கண்டுகொண்டார் என்றும், ஓடிப்போன செய்தி அதுவரை அவர் காதுக்கு எட்டாததால் பிரபல ஆட்டக்காரர்களாயிற்றே என்று வழியனுப்பி வைத்தார் என்றும் சொல்வார்கள். மற்றவர்களைவிட மெக்லூஃபிக்கு ஆபத்து அதிகம். அவர் இன்னும் ராணுவ சேவையிலிருந்து விடுபடவில்லை. யுத்த காலத்தில் பட்டாளத்தை விட்டு ஓடுகிறவனுக்கு என்ன தண்டனை என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. இவர்களுடைய சகாக்களில் ஒருவர் எல்லையிலே பிடிபட்டுச் சிறைக்கும் போனார்.

சுமார் பத்துப் பேர் இப்படி ஸ்விட்ஜர்லாந்து, இத்தாலி வழியாக டூனிஸ் நகரம் போய்ச் சேர்ந்தார்கள். பிரெஞ்சு தேசியக் கோஷ்டியின் தூண்களில் ஒருவரான முஸ்தஃபா ஸித்தூனியும் அவர்களில் இருந்தார். மறுநாள் பத்திரிகைகளைப் பார்த்த பிரெஞ்சு ஜனங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அல்ஜீரியாவில் நடப்பது ஏதோ சில கொள்ளைக்காரர்களின் தொல்லை என்று சொல்லப்பட்டு வந்ததை நம்பியிருந்தவர்கள், ‘நம் மெக்லூஃபிகூடவா?’ என்று கேட்டுக்கொண்டார்கள். ஆயிரம் பிரசங்கங்கள் செய்யாததை அந்த ஒரு கேள்வி செய்தது என்பது என் அபிப்பிராயம்.

சர்வதேசக் கால்பந்து சம்மேளனம் இந்தக் கோஷ்டியை அங்கீகரிக்கவில்லை. அதனுடன் ஆடுகிறவர்கள் மீது நடவடிக்கை எடுப்போம் என்று மிரட்டியது. ஆயினும் நான்கு வருஷ காலம் அவர்கள் டூனிஸியா, மொராக்கோ, லிபியா, ஈராக், ருஷ்யா, சீனா, வியட்நாம், ஹங்கேரி, யூகோஸ்லாவியா என்று சுற்றிச் சுற்றி ஆடினார்கள். பெல்கிரேட் நகரத்தில் யூகோஸ்லாவியரை 6-1 என்ற கணக்கில் தோற்கடித்தார்கள். ஹானாய் நகரத்தில் ஹோ சி மின்னைக் கண்டு பேசினார்கள். சென்ற இடமெல்லாம் அவர்களுடைய கொடி ஏறிற்று. இந்தக் கோஷ்டி விடுதலையைப் பத்து வருஷம் முன்னால் கொண்டுவந்துவிட்டது என்று அல்ஜீரியத் தலைவர் ஃபெர்ஹாத் அப்பாஸ் சொன்னதாகப் பிரசித்தம். அவரும் ஸெத்தீஃபில் மருந்துக்கடை வைத்திருந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது.

1911-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் கல்கத்தாவில் மோஹன் பகான் கோஷ்டியார், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, வெள்ளைக்காரப் பட்டாளத்துக் கோஷ்டியை வென்று கேடயத்தைக் கைப்பற்றியதை நம்மவர்கள் பெருமையுடன் சொல்வதுண்டு. பெருமை நியாயமானதே. ஆனால் அவர்கள் பந்தயம் முடிந்ததும் வீட்டுக்குத் திரும்பிப் போனார்கள். மெக்லூஃபியும் அவருடைய தோழர்களும் வீட்டையும் சம்பளத்தையும் விட்டு வந்தவர்கள். இவர்களுடைய ஆட்டத்துக்கு ஷீல்டும் இல்லை, கோப்பையும் இல்லை. ஸ்வீடனில் பிரெஞ்சுக் கோஷ்டி உலகத்தில் மூன்றாவதாக வந்தது. அதிலே தமக்குரிய இடத்தை மெக்லூஃபி டூனிஸில் உட்கார்ந்துகொண்டு இழந்தார்.

1962-ஆம் வருஷம் ஜூலை மாதம் 5-ஆம் தேதி அல்ஜீரியா சுதந்திரம் அடைந்தது. லட்சக்கணக்கான உயிர்கள் அதற்கு விலை. இனி மெக்லூஃபி எங்கே போவது? ஆசிரியர் ஸ்னெல்லா அப்போது ஜெனீவா நகரத்தில் இருந்தார். அங்கே சில மாதம் ஆடினார். அந்தச் சமயத்தில் ஸெந்தெத்தியேன் சங்கத்துக்கு விசித்திரமான ஜாதகம். அதே 1962-ஆம் வருஷத்தில் பிரெஞ்சுக் கோப்பையை ஜயித்த கையோடு, முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிட்டார்கள்! ஒரு கையில் கோப்பை, மறு கையில் தலைகுனிவு. அந்த நிலையில், ஓடிப்போன பிள்ளையையே அவர்கள் திரும்பவும் அழைத்தார்கள்.

அது சாமானியமான காரியம் அல்ல. யுத்தம் முடிந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அல்ஜீரியாவில் மகனைப் பறிகொடுத்த வீடுகள் அந்த ஊரிலும் இருந்தன. ‘துரோகி’ என்று மனத்தில் கறுவியவர்களும் இல்லாமல் இருக்க முடியாது. மெக்லூஃபி பிற்காலத்தில் சொன்னபடி, அவர் மறுபடி மைதானத்தில் இறங்கியபோது கொப்பரை நிசப்தமாயிருந்ததாம். ஊதல் இல்லை, வாழ்த்து இல்லை. பந்து அவரிடம் வந்தது. இரண்டு மூன்று எதிரிகளைத் தாண்டி அதைக் கொண்டு போனார். கைதட்டல் கிளம்பிற்று. அவ்வளவுதான், விவகாரம் தீர்ந்துவிட்டது. இதைப் படித்துவிட்டு, ஊரார் எல்லாரும் ஒரே நொடியில் மகாத்மாக்கள் ஆகிவிட்டதாக நான் நினைக்கவில்லை. ஆனால் சுரங்கத்தில் இறங்குகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பக்கத்தில் வேலை செய்கிறவன் எந்த நாட்டான் என்று கேட்கமாட்டார்கள். மேற்கூரை சரியும்போது கை கொடுப்பானா என்றுதான் பார்ப்பார்கள்.

மெக்லூஃபி கை கொடுத்தார். 1963-இல் பச்சையர்கள் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று மேலே ஏறினார்கள்; மறு வருஷமே தேசத்துச் சாம்பியன் ஆனார்கள். 1967-இலும் 1968-இலும் மீண்டும் பட்டம். 1968-ஆம் வருஷம் மே மாதம் 12-ஆம் தேதி, மாணவர் கிளர்ச்சியினால் பாரிஸ் வீதிகளில் கற்கள் பெயர்ந்து கிடந்தபோது, பிரெஞ்சுக் கோப்பையின் இறுதி ஆட்டம் நடந்தது. போர்தோ கோஷ்டியைப் பச்சையர்கள் 2-1 என்று வென்றார்கள். இரண்டு கோல்களையும் அடித்தவர் மெக்லூஃபி. கோப்பை வழங்கிய ஜனாதிபதி தெ கோல், ‘பிரெஞ்சு தேசம் என்றால் நீங்கள்தாம்’ என்று தம்மிடம் சொன்னதாக மெக்லூஃபி பின்னாளில் கூறியிருக்கிறார். பத்து வருஷத்துக்கு முன்பு பிரெஞ்சுப் பட்டாளத்திலிருந்து ஓடிய மனிதரிடம் பிரெஞ்சுத் தளகர்த்தரே இப்படிச் சொல்வதென்றால், விதி சில சமயம் நல்ல ஹாஸ்யக்காரன்தான்! பச்சையர்களுக்காக 150-க்கு மேற்பட்ட கோல்கள் அடித்துவிட்டு அந்த வருஷம் அவர் விடைபெற்றார். பிறகு அல்ஜீரியக் கோஷ்டிக்குப் பயிற்சி அளித்தார். 1982-ஆம் வருஷ உலகக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியை அல்ஜீரியா 2-1 என்று வீழ்த்தி உலகத்தைத் திடுக்கிட வைத்ததே, அந்தக் கோஷ்டியை நடத்திய இருவரில் ஒருவர் அவரே.

அவர் விட்ட இடத்தைப் பிடிக்க ஆப்பிரிக்காவிலிருந்தே இன்னொருவர் வந்தார். மாலி தேசத்து ஸாலிஃப் கெய்த்தா 1967-ஆம் வருஷத்தில் பாரிஸ் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது அழைத்துப் போக ஒருவரும் இல்லை. வரவேற்பவர்கள் வேறு விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். கெய்த்தா யோசிக்கவில்லை. ஒரு வாடகை மோட்டாரில் ஏறி, ‘ஸெந்தெத்தியேனுக்கு விடு’ என்றார். தூரம் சுமார் 500 கிலோமீட்டர்! ஊர் வந்து சேர்ந்ததும் ஆயிரம் பிராங்குக்கு மேற்பட்ட கூலியைச் சங்கத்தார் கொடுத்தார்கள். அதைவிட லாபமான செலவைக் கிஷாரின் மளிகைக் கடைகூடச் செய்திருக்காது. 1970-71 பருவத்தில் மட்டும் கெய்த்தா 42 கோல் போட்டார். அவருடைய நினைவாகக் கருஞ்சிறுத்தை உருவம் சங்கத்தின் சின்னத்தில் சில காலம் இடம் பெற்றது. பின்னர் மார்ஸேய் நகரத்துக்குப் போன இடத்தில் பிரெஞ்சுப் பிரஜையாகிவிடும்படி வற்புறுத்தியபோது அவர் இணங்காமல் ஸ்பெயின் தேசத்துக்குப் போய்விட்டார் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் சங்கத்தின் தலைவர் ரொழே ரொஷே. சுரங்கத் தொழிலாளியின் மகன். தாமும் இளமையில் சுரங்கத்தில் இறங்கியவர். பிறகு கட்டிடக் காண்டிராக்டராகிப் பொருள் சேர்த்தவர். புகைக் குழாய் வாயிலிருந்து இறங்காது. அவர் காலத்தில் ரொபேர் எர்பன் என்னும் முன்னாள் ஆட்டக்காரர் ஆசிரியரானார். சங்கத்திலேயே வளர்ந்த பையன்களைக் கொண்டு அவர் அமைத்த கோஷ்டி 1974, 1975, 1976 மூன்று வருஷமும் தேசத்துச் சாம்பியன். பாரிஸ்காரர்களும் தங்கள் ஊரை மறந்துவிட்டுப் பச்சையர்களுக்காகக் கூச்சலிட்டார்கள்.

1976-ஆம் வருஷம் மார்ச்சு மாதத்தில் ஐரோப்பியக் கோப்பைக்காகக் கீவ் நகரத்து டைனமோ கோஷ்டி கொப்பரைக்கு வந்தது. தங்கள் நாட்டில் 2-0 என்று ஜயித்துவிட்டு வந்தவர்கள். அவர்களுடைய பிளோகின் அப்போது ஐரோப்பாவிலேயே சிறந்த ஆட்டக்காரர் என்று பரிசு பெற்றவர். பிற்பாதியில் அவர் தனியே பந்தைக் கொண்டு ஓடினார். பக்கத்தில் தோழர் இருந்தும் பந்தைத் தள்ளாமல் தாமே முடிக்கப் பார்த்தார், தடுத்துவிட்டார்கள். தடுத்த பந்து அப்படியே மறுகோடிக்குப் போய் ரெவெல்லியின் காலால் கோல் ஆயிற்று! பிறகு லார்க்கே ஒன்று. அதிகப்படி நேரத்தில், நொண்டிக்கொண்டே ஆடிய ரொஷ்தோ ஒன்று. 3-0. அன்றிரவு ஸெந்தெத்தியேனில் யார் தூங்கியிருப்பார்கள்?

மே மாதம் 12-ஆம் தேதி ஸ்காட்லாந்திலுள்ள கிளாஸ்கோ நகரத்தில் இறுதி ஆட்டம். எதிரி, மியூனிச் நகரத்துப் பயேர்ன் கோஷ்டி. முற்பாதியில் பத்தனே அடித்த பந்து கோல் கம்பத்தின் மேல் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பிற்று. சில நிமிஷங்களில் ஸாந்தினி தலையால் முட்டிய பந்தும் அதே சட்டத்தில் பட்டுத் திரும்பிற்று. பிற்பாதியில் ஜெர்மானியர் ஒரே ஒரு கோல் போட்டு ஜயித்துவிட்டார்கள். கிளாஸ்கோவின் கம்பங்கள் உருண்டையாக இல்லாமல் சதுரமாக இருந்தன. உருண்டைக் கம்பமாயிருந்தால் பந்து உள்ளே சறுக்கியிருக்கும் என்று அன்று தொடங்கிய வாதம் இன்றுவரை ஓயவில்லை. கணித சாஸ்திரிகள்கூட இதில் தலையிட்டிருக்கிறார்கள். பிரெஞ்சு பாஷையில் ‘சதுரக் கம்பம்’ என்றால் துரதிர்ஷ்டம் என்றே ஆகிவிட்டது. மறுநாள் தோற்ற கோஷ்டியைப் பாரிஸ் ராஜவீதியில் ஊர்வலமாக அழைத்துப் போனார்கள். ஜயித்தவர்களுக்குக்கூட அவ்வளவு கூட்டம் கூடியிராது.

அதற்குப் பிறகு ஊருக்கும் சங்கத்துக்கும் ஒரே மாதிரியான கிரகசாரம். கூரியோ சுரங்கம் 1973-இலேயே மூடப்பட்டிருந்தது. வட்டாரத்தின் கடைசிச் சுரங்கம் 1983-இல் மூடிற்று. துப்பாக்கியும் சைக்கிளும் விற்றுத் தேசப் பிரசித்தி பெற்றிருந்த மனுஃப்ரான்ஸ் கம்பெனி 1985-இல் கலைக்கப்பட்டது. 1764-இல் தொடங்கிய ஆயுதச் சாலையும் 2001-இல் கதவடைத்தது. 1968-இல் இரண்டு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேலிருந்த ஜனத்தொகையில் சுமார் ஐம்பதினாயிரம் குறைந்தது. சங்கமோ 1981-இல் பத்தாவது பட்டம் பெற்ற கையோடு, 1982-இல் இரகசியப் பண விவகாரத்தில் சிக்கியது. ரொஷே பதவி இழந்து, பின்னர் கோர்ட்டில் தண்டனையும் அடைந்தார். 1984-இல் கோஷ்டி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

கூரியோ சுரங்கம் 1991 முதல் காட்சிசாலையாக இருக்கிறது. ஆயுதச் சாலையின் இடத்தில் சித்திர வேலைப்பாடுகளுக்கான கலாசாலை நடக்கிறது. கொப்பரையைப் புதுப்பித்து 42,000 பேர் அமரும்படி செய்திருக்கிறார்கள். 1998-ஆம் வருஷ உலகக் கோப்பையில் ஆர்ஜெண்டினாவும் இங்கிலாந்தும் மோதிய பிரசித்தமான ஆட்டம் நடந்ததும் இங்கேதான். 2013-ஆம் வருஷத்தில் சங்கத்தார் மைதானத்திலேயே ஒரு காட்சிசாலை திறந்தார்கள். கோப்பைகளை வைத்தது இருக்கட்டும். கிளாஸ்கோவிலிருந்து அந்தச் சதுரக் கம்பங்களையே விலை கொடுத்து வாங்கி வந்து அங்கே நட்டிருக்கிறார்கள்! தோல்விக்குக் காரணமான மரத்தைப் பணம் கொடுத்து வாங்கிக் கொலுவில் வைக்கும் ஜனங்களை வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

2022-ஆம் வருஷத்தில் பச்சையர்கள் மறுபடி இரண்டாம் பிரிவுக்குப் போய், 2024-இல் ஏறி, 2025-இல் திரும்பவும் இறங்கினார்கள். ஏறிய வருஷத்தில் சங்கம் ஒரு கனடா தேசத்து முதலாளியின் வசமாயிற்று. அதே வருஷம் நவம்பர் மாதம் 8-ஆம் தேதி, ரஷீத் மெக்லூஃபி தமது 88-ஆவது வயதில் காலமானார். அல்ஜீரியாவிலும் ஸெந்தெத்தியேனிலும் ஒரே சமயத்தில் துக்கம் கொண்டாடினார்கள்.